பெட்டிக்கு மேல் நாலு விரக்கடை

உப்புக்காற்று சுவரைத் தின்று, சன்னல் கம்பியைத் தின்று, சைக்கிள் செயினைத் தின்று, தின்பதற்கு வேறொன்றும் கிடைக்காத நாட்களில் மனுஷருடைய பொறுமையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்த தூத்துக்குடியில், நங்கூரத் தெரு என்ற ஒரு சின்னத் தெருவில், பிளாவியா என்று ஒருத்தி இருந்தாள். மேசையில் பந்தடித்துக் குழியில் விழவைக்கிற அவளுடைய பூல் ஸ்டிக், அதற்கென்று முதன்முதலாக ஒரு பெட்டி வாங்கிய அன்றைக்கு, அந்தப் பெட்டியைவிட நாலு விரக்கடை வளர்ந்துவிட்டது.

வளர்ந்ததைக் கண்டு தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழைக்காலத்தில் கதவு ஊதி நிலைக்குள் அடங்காமல் போவதையும், ஊறிய துடுப்பு கை கொள்ளாமல் பருப்பதையும் பார்த்துப் பழகிய ஜனங்கள் அவர்கள். "மரம்னா வளரத்தான செய்யும்" என்று ஒரே பேச்சில் அந்த விஷயத்தை முடித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே எந்தப் பெட்டி வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். பிளாவியாவுக்கு ஆத்திரம் வந்தது அதில்தான்.

அவள் ஐஸ் ஃபேக்டரியில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தாள். நாற்பதைத் தொடப் போகிற வயசு. தெருவின் தலைமாட்டில் சில்வெஸ்டர் நடத்திய பூல் கடைக்குள் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியவள், பச்சை மேசையில் பந்துகள் ஒன்றையொன்று முட்டி விலகி ஓடுவதைப் பார்த்தாள். மழை விட்டது, அவள் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து வேலை முடிந்தால் அங்கேதான். துறைமுகத்தில் கப்பல் நின்றால் மாலுமிகள் ஆட வருவார்கள். அவர்களில் ஒரு பிலிப்பைன்ஸ்காரன் அவளிடம் தோற்று, மறுபடி தோற்று, மூன்றாம் முறையும் தோற்றபின் சிரித்துக்கொண்டே தன்னுடைய ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போனான். நடுவில் திருகிக் கழற்றினால் அடிப்பாகம் ஒன்று, நுனிப்பாகம் ஒன்று என்று இரண்டாகப் பிரிகிற ஸ்டிக். கையில் எடுத்தால் அவளுடைய கையே கொஞ்சம் நீண்டது மாதிரி இருக்கும்.

அவள் புருஷன் கஸ்பார் வாஸ், கண்டெய்னர் யார்டில் சரக்கு ஏற்றுகிற சூப்பர்வைசர். மிளகாய் மூட்டையோ, துணிப் பொதியோ, இறால் பெட்டியோ, எது வந்தாலும் ஒரு விரல் இடம் வீணாகாமல் கண்டெய்னருக்குள் அடுக்கிவிடுவான். நிரம்பிய கண்டெய்னரின் கதவு 'டொப்'பென்று அடைகிற சத்தம்தான் அவனுக்கு உலகத்திலேயே இனிமையான சத்தம். பூல் ஆட்டத்தில் அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் பெண்டாட்டி வெறுங்கையில் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதைக் கண்டதும், இதற்கு ஒரு பெட்டி வேண்டும் என்பது மட்டும் அவனுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"ஏட்டி பிளாவி, ஒரு அடியும் ஒரு நுனியும் வைக்கிற பெட்டி வாங்கவா, ரெண்டு அடியும் நாலு நுனியும் வைக்கிற பெட்டி வாங்கவா?"

"எங்கிட்ட இருக்கது ஒரே ஸ்டிக்தான?"

"இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு மொத அடி அடிக்கதுக்குன்னு தனியா ஒண்ணு வாங்குவன்னு கடைக்காரன் சொல்லுதான். அப்ப அத எங்க வைப்ப?"

"வாங்கும்போது பாத்துக்கிடலாம்."

"இப்படி நெனச்சித்தான் எல்லாவனும் சின்னப் பெட்டிய வாங்கி மாட்டிக்கிடுதான். அதுக்காக ரொம்பப் பெருசாவும் வாங்கக் கூடாது. உள்ள கெடந்து ஆடும். ஆடுனா அடி படும். உப்புக்காத்து வேற, வெளிய வச்சா வளைஞ்சிரும்." கஸ்பார் ஸ்டிக்கை மடியில் கிடத்தி, டேப்பை இழுத்து, மேலும் கீழும் அளந்தான். கைக்குழந்தைக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறவன் மாதிரி அவ்வளவு பதமாக அளந்தான்.

வந்த பெட்டி நல்ல பெட்டிதான். கறுப்பு ரெக்சின், உள்ளே சிவப்பு வெல்வெட், தோளில் மாட்ட வார். பிளாவியாவுக்கே ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. அடிப்பாகத்தை வைத்தாள், நுனிப்பாகத்தை வைத்தாள், ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் நின்றது. இரண்டு பாகமும் பெட்டிக்கு மேல் நாலு விரக்கடை நீட்டிக்கொண்டிருந்தன.

கஸ்பார் மறுபடி அளந்தான். அவன் அளவில் தப்பில்லை, பெட்டியிலும் தப்பில்லை. ஸ்டிக் வளர்ந்திருந்தது. ஏன் வளர்ந்தது என்று அவன் கேட்கவில்லை. "அப்பம் அடுத்த சைஸ்" என்றான்.

அடுத்த சைஸ் வந்தது. நாலு விரக்கடை. அதற்கும் அடுத்த சைஸ் மதுரையிலிருந்து வந்தது. நாலு விரக்கடை. அதற்கு மேல் கடையில் சைஸ் இல்லை என்றதும் கஸ்பார் பழைய பாய்மரத் துணி வாங்கி, தையல்காரரிடம் கொடுத்து, தாராளமாக ஒரு முழம் கூட்டி உறை தைத்தான். ஸ்டிக்கும் தாராளமாக ஒரு முழமும் நாலு விரக்கடையும் வளர்ந்தது. பிளம்பர் முத்துராஜ் தன் பங்குக்கு மொத்தமான பி.வி.சி. பைப்பை அறுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொண்டுவந்தான். ஒரு பக்கத்து மூடியை மாட்டவே முடியவில்லை. வள்ளம் கட்டுகிற ஆசாரிகள் வேப்பம்பலகையில் நீளமாக ஒரு பெட்டி அடித்து, பூட்டும் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. பூட்டு ஆசாரியின் கையிலேயே இருந்தது.

"கேட்டியளா," என்றாள் பிளாவியா. "பெட்டி வாங்காம இருந்த மாசத்துல இது ஒரு நூலும் வளரல. நீங்க வாங்குறத நிறுத்துங்க. அதுவும் நிக்கும்."

"நிறுத்துனா வளைஞ்சிரும்லா."

"வளைஞ்சா வளையட்டும்!"

"நல்லா சொன்ன போ," என்றான் கஸ்பார், நிஜமாகவே அதிர்ந்து போய்.

இதற்குள் தெரு இரண்டாகப் பிரிந்திருந்தது. பலகைப் பெட்டிதான் சரி என்று ஒரு கட்சி, துணி உறைதான் சரி, துணியென்றால் கொஞ்சம் இழுபடும் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில், எதிர்வீட்டுத் தெரஸ் அக்கா காலையில் குழாயடியில் ஒன்றும் சாயங்காலம் வாசலில் ஒன்றுமாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமி கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டு, ஸ்டிக்குக்குப் பெட்டி அமைய எல்லாரும் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பிளாவியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பல்லைக் கடித்தாள். ஸ்டிக் வீட்டுக்குள் கொள்ளாமல் போனபோது, தெருச்சுவரில் வரிசையாக ஆணி அறைந்து அதன்மேல் இரண்டு பாகத்தையும் கிடத்தினார்கள்; கிடத்திய மறுநாளே அதில் துணி காயப் போட ஆரம்பித்தார்கள்; பூக்காரி சரங்களைத் தொங்கவிட்டாள்; மச்சாது வீட்டுக் கல்யாணத்துக்கு அதிலேயே சீரியல் லைட் கட்டினார்கள். ஆடப் போகிற நேரத்தில் யார் யாருடைய பாவாடையையோ எடுத்து மடித்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத்தான் அவள் ஸ்டிக்கை எடுக்க வேண்டியிருந்தது.

ஆடவும் செய்தாள். அதுதான் பெரிய கஷ்டம். முதலில் பூல் கடையின் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஆடினாள். அப்புறம் வாசற்படியில் நின்று. அப்புறம் தெருவில் நின்று. கடைசியில் கடைக்கு நேரே நீண்டு கிடந்த தெருவில் நாலு வீடு தள்ளி நின்று ஆடினாள். அவ்வளவு நீள மரத்தை ஒருத்தி தாங்க முடியாது என்று, கேட்காமலேயே தெருக்காரர்கள் வந்து வரிசையாகத் தோள் கொடுத்தார்கள். ஸ்டிக் வழுக்கிப் போக வேண்டுமே என்று தோளில் முகப்பவுடரைக் கொட்டிக்கொண்டார்கள். மீன்வாடையும் டீசல் வாடையுமாக இருந்த தெரு சாயங்காலங்களில் பிறந்தநாள் வீடு மாதிரி மணத்தது. நீண்ட ஸ்டிக்கை இடவலமாகத் திருப்ப முடியாது என்று கண்டதும் சில்வெஸ்டர் மேசைக்கே சக்கரம் மாட்டி, "இப்ப மேசையத் திருப்புவோம், என்ன இப்ப!" என்றார். அவள் "கொஞ்சம் இடது" என்பாள், தோள் தோளாக அந்தச் சொல் கடைக்குள் போகும், மேசை திரும்பும். அவள் அடிப்பாள். மினி வேன் ஓட்டுகிறவன் ஹார்ன் அடிக்காமல் காத்திருப்பான். தூரத்தில் பந்து விழுகிற சத்தம் கேட்கும்.

"விழுந்துட்டு!" என்று தெரு கத்தும். உடனே தெரஸ் அக்கா தன் தோளிலிருந்த பவுடரைத் தட்டிக்கொண்டே, "ஆனா பிளாவி, நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்காத, மூங்கிக் கூடை மாதிரி பின்னி ஒரு பெட்டி செஞ்சா காத்தும் போவும் பாத்தியா" என்பாள்.

அந்த அடியை அடிக்க அவள் எவ்வளவு கணக்குப் போட்டாள் என்பதையோ, வெள்ளைப் பந்து திரும்பி வந்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தாளோ அந்த இடத்திலேயே நின்றது என்பதையோ ஒருத்தரும் கேட்கவில்லை. தனியாக, வாய்பேசாமல், தன் மூச்சு மட்டும் தனக்குக் கேட்க ஆடிய ஆட்டம் அது. இப்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு தெரு இருந்தது.

மாநில அணிக்கு ஆளெடுக்கிறார்கள் என்று சில்வெஸ்டர் அவள் பேரை எழுதிப் போட்டிருந்தார்; சென்னைக்கு வா என்று போன் வந்தது அந்த நேரத்தில்தான். அடுத்த தடவை எடுக்கும்போது வயசு தாண்டிவிடலாம் என்று சில்வெஸ்டர் மெதுவாகச் சொன்னார்.

போன் வந்த மறுநாள், தெருமுனையில் கிரேன் நின்றது. யார்டில் கழித்துப் போட்ட ஒரு கண்டெய்னரை, மேலதிகாரிகளைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, கஸ்பார் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான். துருவைச் சுரண்டி, நீலப் பெயிண்ட் அடித்து, உள்ளே பழைய மெத்தைகளை விரித்திருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இதுக்கு மேல எங்க போவும்? இதோட ரயில்ல ஏத்தி அனுப்பிரலாம்."

இரண்டு பாகத்தையும் தோளில் சுமந்து வந்து உள்ளே விட்டார்கள். உள்ளே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கஸ்பார் கதவைத் தள்ளினான். கதவு அடையவில்லை. கதவுக்கு வெளியே நாலு விரக்கடை.

பிளாவியா ஐஸ் ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்தாள். கஸ்பார் குனிந்து டேப்பை இழுப்பதைப் பார்த்தாள். 

"அளங்க! நல்லா அளங்க! இந்த ஸ்டிக்கோட நீளம், அகலம், கனம் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நான் என்ன ஆடுதேன்னு என்னைக்காவது பாத்திருக்கியளா? ஒரே ஒரு நாளு? தெருவே தோள் குடுக்குது, நீங்க அப்பமும் பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிய!"

கஸ்பார் டேப்பை விட்டான். அது சர்ரென்று சுருண்டுகொண்டது.

"எனக்கு அது வெளங்காதுட்டி," என்றான். "வந்து நின்னா ஒண்ணும் புரியாம நிக்கணும். நீ அடிச்சதும் எல்லாரும் கத்துவாவ, நான் எதுக்குன்னு தெரியாம கத்தணும். எனக்குத் தெரிஞ்சது இதுதான். எது எதுக்குள்ள கொள்ளும்னு பாக்குறது. இத மட்டும் சரியாச் செஞ்சிட்டா, உன் ஆட்டத்துல நானும் ஒரு ஓரமா இருந்த மாதிரின்னு நெனச்சேன்."

அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

ரயிலேறும்போது பூல் கடையிலிருந்த ஒரு பொது ஸ்டிக்கை எடுத்துக்கொண்டாள். லேசாகக் கோணல், நுனித்தோல் தேய்ந்தது. உறையில்லை, துணிகூடச் சுற்றவில்லை. கம்பை ஊன்றி நடக்கிறவள் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். கஸ்பாரும் வந்தான். டேப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் அவன் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் கிடந்தன. விருதுநகர் தாண்டியதும் அவன் கேட்டான்: "எந்தப் பந்த மொதல்ல அடிக்கணும்?"

"ஒண்ணு. அப்புறம் ரெண்டு. வரிசையா. யார் ஒம்பதப் போடுதாளோ அவ ஜெயிச்சா."

"வெள்ளைய?"

"அதப் போட்டுறக் கூடாது. அதால மத்ததப் போடணும்."

திருச்சி வருவதற்குள் அவன் கேட்டுக் கேட்டு, அவள் எரிச்சல்பட்டு எரிச்சல்பட்டுச் சொல்லி, ஒருவழியாக ஆட்டம் அவனுக்குப் பிடிபட்டது.

சென்னை ஹாலில் ஏ.சி. குளிர்ந்தது. மேசை நன்றாகத் தெரிகிற முன்வரிசையில் கஸ்பார் உட்கார்ந்துகொண்டான். மற்றப் பெண்கள் தங்கள் பெட்டிகளைப் படக் படக்கென்று திறந்து, ஸ்டிக்கை மாட்டி, மூடி வைத்தார்கள். ஒவ்வொன்றும் அதனதன் பெட்டியில் அளவெடுத்த மாதிரி அடங்கியிருந்தது. பிளாவியா அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். கோணல் ஸ்டிக்கின் கோணலை முதல் ஆட்டத்திலேயே கை கற்றுக்கொண்டது. ஜெயித்தாள். அதற்கடுத்ததையும் ஜெயித்தாள். அணியில் மிச்சமிருந்த ஒரே இடத்துக்கான கடைசி ஆட்டத்தில் திருப்பூர்ப் பெண்ணொருத்தியோடு சரிக்குச் சரியாக வந்து, எட்டாவது பந்தும் விழுந்து, மேசையில் மஞ்சள் வரி போட்ட ஒன்பது மட்டும் நின்றது. சின்னப் பிள்ளையும் போடக்கூடிய இடத்தில்தான் நின்றது. அவள் குனிந்தாள். சுற்றிலும் அவள் இவ்வளவு நாள் ஏங்கிய அமைதி. யாரும் தோளில் தாங்கவில்லை, யாரும் யோசனை சொல்லவில்லை. அந்த அமைதியில், எப்போதும் கையில் இருக்கிற அந்தப் பெரிய கனம் இல்லாமல், கை ஒரு மயிரிழை அவசரப்பட்டது. ஒன்பது போய்க் குழியின் உதட்டில் முட்டி, யோசித்து, நின்றுவிட்டது.

திருப்பூர்ப் பெண் அதைக் குழிக்குள் தட்டிவிட்டாள்.

திரும்பும் ரயிலில் கஸ்பார் டீ வாங்கிக் கொடுத்தான். பிளாவியா குடிக்கவில்லை. அவனும் ஆறவிட்டான்.

நங்கூரத் தெரு அவர்களுக்காகக் காத்திருந்தது. ஆட்டோ நின்றதும் எல்லாரும் ஓடிவந்தார்கள். தெரஸ் அக்காதான் முதலில்.

"உள்ள போயிட்டு பிளாவி! நீங்க ரெண்டு பேரும் ரயிலேறுன அன்னைக்கே போயிட்டு! சும்மா தள்ளிப் பாத்தோம், கதவு 'டொப்'புன்னு அடைஞ்சிட்டு!"

கண்டெய்னர் மூடியிருந்தது. கதவில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். முத்துராஜ் யாருக்கோ கைகொடுத்துக்கொண்டிருந்தான். பலகைக் கட்சிக்காரர்களும் துணிக் கட்சிக்காரர்களும் ஒன்றாக நின்று சிரித்தார்கள். இத்தனை பேரின் சந்தோஷத்துக்கு நடுவில், ஜெயித்தாயா தோற்றாயா என்று கேட்க ஒரு வாய் இல்லை. சில்வெஸ்டர் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பிளாவியா பையைத் தெருவிலேயே போட்டாள்.

"தொறங்க."

"என்ன பிளாவி, இப்பதான..." என்றாள் தெரஸ் அக்கா.

"தொறங்கன்னு சொன்னேன்."

யாரும் நகரவில்லை. இவ்வளவு பாடுபட்டு அடங்கியதை எடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? கஸ்பார்தான் போனான். மாலையைக் கழற்றிக் கீழே வைத்தான். எந்தச் சத்தத்துக்காக இத்தனை மாதம் அலைந்தானோ அந்தச் சத்தம் தான் இல்லாதபோது கேட்டு முடிந்துவிட்டதே என்று ஒரு கணம் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு கம்பியைத் தூக்கி, கதவை அகலத் திறந்து, உள்ளே புகுந்து, தோளைக் கொடுத்து இழுத்தான். அவன் இழுப்பதைப் பார்த்தபின் மற்றவர்களும் வந்தார்கள். ஸ்டிக் வெளியே வந்து, இரண்டு பாகத்தையும் சேர்த்துத் திருகி முடிந்தபோது முன்னைவிட நீளமா குட்டையா என்று யாரும் பார்க்கவில்லை. டேப் வீட்டில்தான் கிடந்தது.

வெயில் சாய்ந்து தெரு மஞ்சளாக இருந்தது. பவுடர் டப்பா கைமாறிக் கைமாறிப் போனது. தோள்கள் வரிசையாக நின்றன. நாலு வீடு தள்ளி, தெருவின் நடுவில் நின்று பிளாவியா சொன்னாள்: "ஒம்பது மட்டும். சென்னைல நின்ன எடத்துல."

சென்னையில் எங்கே நின்றது என்று யாருக்குத் தெரியும்? சில்வெஸ்டர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். கஸ்பார் கடைக்குள் போய், அதை வாங்கி, மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தான். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். டேப் இல்லாமல், கையளவும் இல்லாமல், ஒன்பதைப் பச்சைத் துணியில் வைத்தான். ஒரு நெல் அளவு நகர்த்தினான். வெள்ளையை அதற்குரிய தூரத்தில் வைத்தான். "வச்சாச்சு!" என்று வாசலிலிருந்து கத்தினான்.

அவளுக்கு அங்கிருந்து பந்து தெரியாது. ஆனால் அவன் வைத்தால் அது அந்த இடம்தான் என்று தெரியும். "கொஞ்சம் வலது" என்றாள். சொல் தோள் தோளாகப் போனது, மேசை திரும்பியது. அவள் குனிந்தாள். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெரிய கனம் மறுபடியும் கைக்கு வந்தது. அடித்தாள்.

சத்தம் வர ஒரு கணம் ஆனது. பிறகு, குழிக்குள் கனமாக ஒரு பந்து உருண்டு விழுகிற சத்தம்.

"விழுந்துட்டு!" என்று கத்தினான் கஸ்பார். இந்தத் தடவை தெருவுக்கும் முன்னால் கத்தியவன் அவன்தான். எதற்குக் கத்துகிறோம் என்று தெரிந்தே கத்தினான்.

பிளாவியா நிமிரவில்லை. நெற்றியை ஸ்டிக்கின்மேல் சாய்த்துக்கொண்டாள். "இப்ப விழுந்து என்ன?" என்றாள். "அங்கல்லா விழுந்திருக்கணும்."

தெரஸ் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, என்ன நினைத்தாளோ, தோளில் இன்னும் கொஞ்சம் பவுடரைத் தட்டிக்கொண்டாள்.

பிளாவியா மூக்கை உறிஞ்சி, முந்தானையால் கையைத் துடைத்து, ஸ்டிக்கைச் சரியாகப் பிடித்தாள்.

"திரும்ப வைங்க" என்றாள்.

கஸ்பார் ஏற்கெனவே குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்துக்கொண்டிருந்தான்.